கோடு போட்டு வளர்த்த மரம்

நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களுடைய வீடுகளைப் பறித்து, அவர்களுடைய மாமனார்மாருக்கும் கணவன்மாரின் அண்ணன்மாருக்கும் நான் ஒருமுறை பகிர்ந்து கொடுத்திருக்கிறேன். கைக்கூலி வாங்கிக்கொண்டு அல்ல. யார்மீதும் கோபத்தில் அல்ல. பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. கல்முனையில் ஆறு மாதக் கணினி வகுப்பு ஒன்றை முடித்திருந்தேன். சான்றிதழை எடுக்கப் போவதற்குள் சுனாமி வந்து, கடற்கரைப் பக்கம் இருந்த அந்த வகுப்பறையையே கொண்டுபோய்விட்டது. ஐந்தாறு மாதம் கழித்து, நிவாரண நிறுவனம் ஒன்று பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே அலுவலகம் திறந்தது. கணினி தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் காரைதீவைச் சேர்ந்த இராசையா சேர். சான்றிதழ் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அந்த வருடம் எங்கள் கரையில் யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை.

"தமிழில டைப் அடிப்பியா மனே?"

"ஓம் சேர்."

"இங்கிலீசில?"

"ஓம் சேர்." (என் பெயரையும் முகவரியையும் அடிப்பேன்.)

"அப்ப நாளைக்கு வா."

கடலோரத்தில் வீடிழந்த அறுபத்தொரு குடும்பங்கள் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்தன. அவர்களுக்குக் கடலுக்கு எட்டத்தில் புது வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம். ஒவ்வொரு குடும்பத்தின் படிவம், அடையாள அட்டைப் பிரதி, புகைப்படம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஒழுங்குபடுத்துவது என் வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்புறை. கோப்புறை என்பது கணினிக்குள் இருக்கும் பெட்டிதான். பெட்டிக்குள் பெட்டி வைக்கலாம், அதற்குள் இன்னொரு பெட்டியும் வைக்கலாம்.

இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான் நான் காதலில் விழுந்தேன். கணினியின் கறுப்புத் திரையில் 'ட்ரீ' என்று ஒரு சொல்லைத் தட்டினால், எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி இருக்கிறது என்று அது தானாகவே கோடு கோடாக வரைந்து காட்டும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். படம் இல்லை, நிறம் இல்லை. விசைப்பலகையில் கிடக்கும் சாதாரணக் குறிகள்தான். நிமிர்ந்த கோடு ஒன்று, அதிலிருந்து நீட்டிய இரண்டு சிறு கோடுகள், கடைசியில் மூலைக்கு ஒரு குறி. நிமிர்ந்த கோடு 'இன்னும் ஆள் இருக்கிறது, கீழே வாருங்கள்' என்கிறது. மூலைக் குறி 'இவரோடு முடிந்தது' என்கிறது. இந்த மூன்று குறிகளை வைத்து உலகத்தில் உள்ள எதையும் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டிவிடலாம். இதை யோசித்தவனின் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும்போல் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கண்டதையெல்லாம் மரமாக வரைய ஆரம்பித்தேன். எங்கள் வீட்டை வரைந்தேன். வீட்டின் கீழே அறை, அறையின் கீழே அலுமாரி, அலுமாரியின் கீழே என் சாரன்கள். அச்சடித்துக் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டினேன்.

"அலுமாரிக்குள்ள என்ன இரிக்கி என்டு எனக்குத் தெரியும்," என்றார் உம்மா. "நீ அதுகள மடிச்சு வை, காணும்."

அலுவலகத்திலோ என் மரத்துக்கு ஒரு குறை இருந்தது. அறுபத்தொரு குடும்பமும் தனித்தனிப் பெட்டி என்பதால் கிளையே விடவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரிப் பற்கள். மரம் மாதிரி இல்லை, சீப்பு மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. படிவத்தின் முதல் கட்டத்தில் 'குடும்பத் தலைவர்' என்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் தம்பிமார் என்றால் தம்பிமாரின் பெட்டிகளைத் தூக்கி அண்ணனுக்குள் போட்டேன். வாப்பா உயிரோடு இருந்தால் எல்லோரையும் வாப்பாவுக்குள் போட்டேன். மனைவியை மாப்பிள்ளைக்குள், பிள்ளைகளை மனைவிக்குள். இரண்டு நாளில் அறுபத்தொன்று பதினொன்றாகச் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளையை இழந்த பெண்கள், உம்மா வாப்பா இல்லாத பிள்ளைகள் என்று எங்கும் பொருந்தாதவர்கள் சிலர் மிஞ்சினார்கள். அவர்களுக்காகப் பன்னிரண்டாவது பெட்டி ஒன்றைத் திறந்து, 'மற்றவை' என்று பெயர் வைத்தேன்.

மரம் கிளைவிட்டுக் குடைபோல் விரிந்து நின்றது. நான் ஒரு பிளேன்ரீ குடித்துக் கொண்டாடினேன். அதில் பாதியை விசைப்பலகையில் ஊற்றினேன்.

அந்த வாரம் இராசையா சேர் வந்து, "வியாழக்கிழமை கொழும்பில இருந்து மெடம் வாறா. அதுக்கு முதல் குடும்ப விபரத்தைத் தமிழில அடிச்சு முகாமில ஒட்டு. சனம் தங்கட பேர் சரியா என்டு பார்க்கட்டும்" என்றார். பட்டியலாக அடித்தால் போதும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் மரமாகவே அடிப்பது என்று முடிவெடுத்தேன்.

இங்கே தொழில் விடயம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் தமிழ் அடிப்பது ஆங்கில விசைகளைத் தட்டித்தான். எழுத்துருவைத் தமிழுக்கு மாற்றினால் அதே விசை தமிழ் எழுத்தைக் காட்டும். பெயர்களைத் தமிழ் எழுத்துருவிலும் கோடுகளை ஆங்கில எழுத்துருவிலும் அடித்தேன். தேநீர் குடித்த விசைப்பலகையில் நிமிர்ந்த கோட்டுக்கான விசை வேலை செய்யவில்லை. அதனால் என்ன, ஆங்கிலப் பெரிய 'ஐ' எழுத்தும் நிமிர்ந்த கோடு மாதிரித்தானே இருக்கிறது என்று அதையே தட்டினேன். மூலைக்கு, விசைப்பலகையின் இடப்பக்க உச்சியில் சாய்ந்து கிடக்கும் குட்டிக் குறி. திரையில் எல்லாம் அச்சொட்டாக வந்தது. ஆனால் அந்தப் பெரிய எழுத்தைத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் அது 'ஐ' ஆகிவிடும். சாய்ந்த குறி 'ஹ' ஆகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் வியாழன் காலை, பத்து மணிக்குக் கரண்ட் போகப்போகிறது என்று கீழே கடைக்காரர் கத்தியதைக் கேட்டு, முழுவதையும் ஒரே அளவாக்கும் அவசரத்தில், எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஒரே அமுக்கில் தமிழாக்கிவிட்டு அச்சிட்டேன். வந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தேன்.

பாடசாலைச் சுவரில் பதினான்கு தாள்களையும் பசை பூசி ஒட்டினேன். மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்த்தேன். ஒட்டி முடித்து இரண்டடி பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, ரசிப்பதற்காக நிமிர்ந்தேன்.

ஹனிபா
ஐ-- ஹாஜரா
ஹ-- சலீம்
    ஹ-- ஜெமீலா

அதற்குக் கீழே பிள்ளைகள். இப்படியே பதினான்கு தாள். ஐ, ஐ, ஐ, ஹ. ஐ, ஐ, ஹ. சுவர் முழுக்க யாரோ என்னைப் பார்த்துச் சிரிப்பது போல் இருந்தது.

கிழித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் ஹனிபா காக்கா (காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்) வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். முதல் தாளில் முதல் பெயர் அவருடையதுதான். அதில் அவருக்கு ஒரு சந்தோசம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்.

"ஹனிபா. ஐ ஹாஜரா. ஹ சலீம்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மகன், இந்த ஐயும் ஹவும் என்னத்துக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஒருவர் விளக்கம் சொல்லிவிட்டார். "ஐ என்டா ஐயம் காக்கா. சந்தேகம். அந்த ஆக்கள இன்னும் விசாரிக்கணும் என்டு அர்த்தம்."

"அப்ப ஹ?"

"ஹலால். வூடு கிடைச்சாச்சி."

"ஹராம் என்டாலும் ஹ தானே?" என்றார் இன்னொருவர்.

அந்த ஒரு கேள்வி போதும். முற்றத்தில் நின்ற சனம் முழுவதும் சுவருக்கு வந்துவிட்டது. பெயருக்கு முன் ஹ விழுந்தவர்களில் பாதிப் பேர் ஹலால் என்று சந்தோசப்பட்டார்கள். மீதிப் பேர் ஹராம் என்று அழத் தயாரானார்கள். ஹனிபா காக்காவின் மனைவி ஹாஜரா மாமி, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அகப்பையோடு வந்தார்.

"என்னில என்ன ஐயம்? ஆரு சொன்ன? எங்க அந்தக் கம்பியூட்டர்?"

கம்பியூட்டர் அலுவலகத்தில் இருந்தது. அகப்பைக்கு எட்டும் தூரத்தில் நான்தான் இருந்தேன். பிள்ளைகள் உட்காரும் வாங்கு ஒன்றின்மேல் ஏறி நின்று, சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கம் சொன்னேன். ஐயும் ஹவும் எழுத்தே இல்லை, கோடுகள், எழுத்துரு மாறியதால் வந்த பிழை, இது ஒரு மரம், இதை இப்படிப் பார்க்க வேண்டும், இன்னார் பெட்டிக்குள் இன்னார் இருக்கிறார் என்று ஒவ்வொரு கிளையாகக் கைகாட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. சனம் அமைதியாகிவிட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில், மரம் விளங்காமல் இருந்தவரைக்கும் நான் தப்பியிருந்தேன்.

"தம்பி," என்று ஒரு குரல் வந்தது. "நான் எங்க இரிக்கன்?"

ஜெமீலா ராத்தா. அக்கா என்று கூப்பிடும் வயது, முப்பத்தைந்து இருக்கும். மாப்பிள்ளை சலீம் சவூதியில் சாரதி. தன் மூன்று மகள்மாரோடும், மாப்பிள்ளையோடு அலையில் மவுத்தாகிப்போன தங்கை நஜீமாவின் மூன்று பிள்ளைகளோடும் அந்தப் பாடசாலையில் ஒரு வகுப்பறையின் பாதியில் இருந்தவர்.

"நீங்க இந்தா இதுல இரிக்கிங்க ராத்தா. ஹனிபா காக்காட பெட்டிக்குள்ள அவர்ட தம்பி, உங்கட மாப்பிள்ள சலீம் காக்கா. அவருக்குள்ள நீங்க."

"அப்ப என்ட வூடு?"

"அது ஹனிபா காக்காட பேருக்குக் கீழதான் வரும்."

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குத்தான் சீதனமாக வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். முஸ்லிம், தமிழர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. என் வாப்பாவே என் உம்மாவின் வீட்டில்தான் அப்போது இருபத்தைந்து வருடமாக இருந்தார், அதுவும் குரலை உயர்த்தாமல். இதெல்லாம் தெரியாத வெளியூர்க்காரன் அல்ல நான். கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு ஊர் மறந்துவிட்டது.

ஹனிபா காக்கா பதறிப்போனார். "அல்லாஹ்வே! நானே இவள்ட வூட்டுலதான் மகன் இருந்த. எனக்கு வூடே இல்ல. எனக்குள்ள ஏன் இத்தின பேரப் போட்டு வெச்சிரிக்காய்?"

"அதானே, நானும் கேக்கன்," என்றார் ஹாஜரா மாமி. இப்போது அகப்பையின் முனை காக்காவின் பக்கம் திரும்பியிருந்தது.

அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். நான் யாருக்குள்ள தம்பி? உங்கட மாமனாருக்குள்ள. அவர் வேற ஊரில எல்லோ இரிக்கார்! நான் யாருக்குள்ள? உங்கட மச்சானுக்குள்ள. அவனோட நாங்க ஏழு வருசமாக் கதைக்கிறல்ல! ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரைக் கண்டுபிடித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். சுவரில் விரல்கள் கூடக் கூட, நான் வாங்கிலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தேன்.

"நஜீமாட புள்ளைகள் எங்க?" என்று கேட்டார் ஜெமீலா ராத்தா.

கடைசித் தாளைக் காட்டினேன்.

"மற்றவை என்டா என்ன தம்பி?"

"அது வந்து ராத்தா, எங்கயும் வெக்க ஏலாத ஆக்கள்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று என் காதில் விழுந்தது. இருபது வருடமாகிறது. அந்த வசனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்றைக்கும் நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அவர் ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அந்தத் தாளில் மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, "இந்தக் கோடு போடுற முறைய மறுகா ஒருக்காச் சொல்லு," என்றார்.

சொன்னேன். நிமிர்ந்த கோடு என்றால் இன்னும் ஆள் உண்டு. மூலை என்றால் முடிந்தது.

"ஒரு பெட்டி ரெண்டு பெட்டிக்குள்ள இரிக்க ஏலுமா?"

"ஏலா ராத்தா. ஒராளுக்கு மேல ஒராள்தான்."

"அப்பச் சரி. உம்மாவ மேல போடு. வாப்பாமார் கடலுக்குப் போவாங்க, சவூதிக்குப் போவாங்க. உம்மாதானே வூட்டோட இரிக்கிற."

பெண்கள் சிரித்தார்கள். சில ஆண்களும் சிரித்தார்கள். ஜெமீலா ராத்தா வகுப்பறைக்குள் போனார். கரும்பலகையோடு அடுக்கியிருந்த பாய்களையும் தலையணைகளையும் தள்ளி வைத்தார். ஒரு துண்டு சோக்கை எடுத்துத் தன் உம்மாவின் பெயரை எழுதினார்.

சுபைதா
|-- ஜெமீலா
|   `-- மகள்மார் மூவர்
`-- நஜீமா
    `-- பிள்ளைகள் மூவர்

நான் மெதுவாகச் சொன்னேன். "ராத்தா, மவுத்தான ஆக்களப் போடத் தேவையில்ல. லிஸ்ட்டுல அவங்க இல்ல."

அவர் திரும்பாமலே கேட்டார். "அவள எடுத்திட்டா கீழ இரிக்கிற மூணு புள்ளையளையும் எதுல தம்பி தொங்க உடுற?"

நான் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். அதுவரைக்கும் கணினியில் உள்ள கோடுகளைத்தான் நான் வியந்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கோடுகளால் என்ன செய்யலாம் என்று கண்டேன். இறந்துபோன பெண்ணின் பெயரிலிருந்து ஒரு கோடு இறங்கி, உயிரோடிருக்கும் மூன்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளைகள் மற்றவை இல்லை. அவர்களுக்கு மேலே ஆள் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு பெண்ணாக வந்து உம்மாவின் பெயரைச் சொன்னார்கள். ஜெமீலா ராத்தா எழுதிக்கொண்டே போனார். கோடு எங்கே நீள வேண்டும், எங்கே மடங்க வேண்டும் என்று அவர் யோசிக்கவே இல்லை. நாலாவது பேர் வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே இடம் விட்டு எழுதினார். இதற்கெல்லாம் எனக்குக் கணினி தேவைப்பட்டது, ஆறு மாத வகுப்பு தேவைப்பட்டது. அப்படியும் தப்பாகத்தான் செய்தேன். ஒரு கரும்பலகை நிறைந்து அடுத்த வகுப்பறைக்குப் போனார்கள். அதுவும் நிறைந்து அதற்கடுத்ததற்குப் போனார்கள். கடைசியில் மாப்பிள்ளைமாரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கொஞ்சம் யோசித்து, மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதினார். ஹனிபா காக்கா போய் ஹாஜராவுக்குப் பக்கத்தில் தன்னைப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

அந்த நேரம்தான் இராசையா சேரும் கொழும்பு மெடமும் உள்ளே வந்தார்கள்.

சேர் சுவரிலிருந்த ஐயையும் ஹவையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தை இங்கே வர்ணிக்காமல் விடுகிறேன். ஆனால் மெடம் சுவரைக் கவனிக்கவில்லை. (தமிழ் தெரியாது.) நேரே கரும்பலகைக்குப் போனார். ஓரம் தொடங்கி ஓரம் வரைக்கும் இருந்த கோடுகளை வாய் பிளந்து பார்த்தார். இது என்ன என்று சேரிடம் கேட்டார். தாயிலிருந்து மகளுக்கு இறங்கும் வரிசை, வீடு அந்த வழியாகத்தான் போகும் என்று சேர் ஆங்கிலத்தில் விளக்கினார். மெடத்தின் கண்கள் விரிந்தன. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து, இதை நீயா செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு ஆங்கிலத்தில் துணிந்து சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"யெஸ் மெடம்," என்றேன்.

முகாம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஹாஜரா மாமி மட்டும் அகப்பையைப் பார்த்தார்.

மெடத்துக்கு மிகுந்த சந்தோசம். பலகையில் ஒரு பெயரைத் தொட்டு, இவர் யார், இவருக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் யார் என்று கேட்டார். நான் அந்தப் பெயரைப் பார்த்தேன். கதீஜா. அந்த முகாமில் ஐந்து கதீஜாக்கள் இருந்தார்கள். இது எந்தக் கதீஜா என்று எனக்குத் தெரியாது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. என்னால் கூடுமானவரை ஆங்கிலத்தில் சொன்னேன், "திஸ் இஸ் கதீஜா மெடம்." மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை மெடம் புரியாமல் காத்திருந்தார்.

ஜெமீலா ராத்தா சோக்குத் தூள் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். சேரிடம் சொன்னார். "மெடத்துக்குச் சொல்லுங்க சேர். கோடு போடப் படிப்பிச்ச தம்பிதான். பேர் சொன்ன நாங்க. அவருக்கு எங்கட உம்மாமாரத் தெரியாதுதானே."

சேர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். என் மானத்தை ஜெமீலா ராத்தா துடைத்தெடுத்து என் கையிலேயே கொடுத்தார். காலையில் அவருடைய வீட்டை எடுத்து மாப்பிள்ளையின் அண்ணனுக்குக் கொடுத்தவன் நான். மாலையாவதற்குள் அவர் எனக்கு இதைச் செய்தார். நான் பிறகு நிறைய அதிகாரிகளையும் அறிஞர்களையும் சந்தித்துவிட்டேன். அந்த இடத்தில் அவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கையிலேயே விரல்கள் மிஞ்சுகின்றன.

மெடம் பலகைகளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். வீடு யாருடையதோ அவருடைய பெயர் முதலில் வரும்படி பட்டியலைத் திருத்தச் சொன்னார். என் சைக்கிளையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் இராசையா சேர் சொன்னார். "நானும் பொஞ்சாதிட வீட்டிலதான் இருக்கன் மனே. நீ அந்தப் படத்தைக் காரைதீவில ஒட்டியிருந்தா, உன்னக் கூட்டித்தான் அள்ளியிருக்கணும்."

திருத்தும் வேலை நாலு நாள் நடந்தது. ஜெமீலா ராத்தா ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்கு வந்து என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். கணினியை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. ஆனால் நான் அச்சடித்துக் கொடுத்த தாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கோடு நடுவுல அறுந்திரிக்கி. அப்ப இந்த நாலு பேரும் யார்ட புள்ளைகள்?" என்பார். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு நிமிர்ந்த கோடு விடுபட்டிருக்கும். எனக்கு அது வெறும் அச்சுப்பிழை. அவருக்கு நாலு பிள்ளைகள். நாலாம் நாள் முடிவில் 'மற்றவை' பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. அதை அழிக்கும் விசையை அவரையே அமுக்கச் சொன்னேன். ஒரு விரலால், மெதுவாக அமுக்கினார்.

வீடுகள் உடனே வந்துவிடவில்லை. சண்டை மீண்டும் மூண்டது. சீமெந்து லொறிகள் சோதனைச் சாவடிகளில் நாட்கணக்கில் நின்றன. அத்திவாரம் போட்ட இடங்களில் புல் முளைத்தது. கதவுத் திறப்புகள் கைக்கு வந்தபோது யுத்தமே முடிந்துவிட்டது. கொழும்பில் யாரோ பிடிவாதம் பிடித்ததால் எல்லாப் பத்திரத்திலும் கணவன் பெயரும் சேர்ந்தே வந்தது, ஆனால் இரண்டாவதாக. ஜெமீலா, சலீம். ஹாஜரா, ஹனிபா. நஜீமாவின் மூத்த மகளுக்குத் தனியாக ஒரு வீடு கிடைத்தது. அவளுக்கு வயது வரும்வரை பெரியம்மா ஜெமீலா பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கும் அந்த வருடம்தான் கலியாணம். ஊர் வழக்கப்படி, ஒரு சூட்கேசோடு மனைவியின் வீட்டுக்குக் குடிபோனேன். மாப்பிள்ளை யார் என்று கேட்டவர்களுக்கு என் மாமி, "ஐயும் ஹவும் போட்டாரே, அந்தப் புள்ளதான்" என்று ஒரே வசனத்தில் அறிமுகம் செய்தார். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. மனைவிக்கும் முழுக் கதையும் தெரிந்திருந்தது. ஒன்றிரண்டு இடங்களில் என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

இப்போது எங்கள் மகள் நாலாம் வகுப்பு. போன மாதம் பாடசாலையில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்களாம். நான் ஆசையாகப் பென்சிலை எடுத்தேன். மனைவி என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். "ஊருல யார்ட்ட வேணுமெண்டாலும் கேளு மகள், உங்கட வாப்பாட்ட மட்டும் கேக்காத," என்றாள்.

மகள் தனியாகவே வரைந்துகொண்டு வந்து காட்டினாள். நல்ல பச்சை மரம். உச்சியில் என் மாமி. அடுத்த கிளையில் என் மனைவியும் அவளுடைய தங்கைமாரும். கீழ்க்கிளையில் மகளும் அவளுடைய தம்பியும். நான் மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் தேடினேன்.

"நான் எங்க மகள்?"

தாளின் அடியில் விரலை வைத்தாள். மரத்துக்கு வெளியே, நிலத்தில், வழுக்கைத் தலையோடு ஒரு மனிதர் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க மரத்துக்குத் தண்ணி ஊத்துறீங்க வாப்பா."

மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே ஜெமீலா ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர்கள் இருவரும் இப்போது மாதம் இரண்டு முறையாவது கதைப்பார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். மனைவி படத்தை விவரித்தாள். மறுமுனையிலிருந்து ஜெமீலா ராத்தாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"சரியான இடத்துலதான் வெச்சிரிக்காள். வாளியில ஓட்டை இல்லாமப் பாத்துக் கீறச் சொல்லு."

மகள் தாளை வாங்கி வாளியை உற்றுப் பார்த்தாள். பென்சிலை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு நன்றாக அழுத்தினாள்.